இரண்டு பேர் குளிக்கும் வீடு

நெடுங்கரையில் சாக்கடை பொங்கினால் முதலில் ஊருணித்தெருவில்தான் பொங்கும். ஊர் மேற்கே ஏறிக் கிழக்கே சரிகிறது. சரிவின் அடியில் ஊருணித்தெரு. அதற்கும் அடியில் தாமரை ஊருணி. மேட்டில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. காலடியில் ஓடிய தண்ணீர் துவாரத்துக்குள் இறங்கியதும் தனக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று நினைப்பவர்கள்தான் உலகத்தில் அதிகம். நெடுங்கரை மட்டும் அதற்கு விலக்கா என்ன.

உதவிப் பொறியாளர் சௌந்தரபாண்டியனுக்குத் தெரியும். பாதாளச் சாக்கடைப் பிரிவிலேயே தலை நரைத்தவர் அவர். இருட்டோடு எழுந்து ஊருணிக் கரையிலிருக்கும் நீரேற்று நிலையத்துக்கு வந்துவிடுவார். அங்கே தொட்டியடியில் நின்று நாலு வாளி ஊற்றிக்கொண்டு, காக்கித் துண்டைக் கொடியில் போட்டுவிட்டுத்தான் வேலை. மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போதும் ஒரு குளியல். சாக்கடை வேலை பார்க்கிறவன் அந்த வாடையை வீட்டுப் படி ஏற்றக் கூடாது என்பது அந்தப் பிரிவில் யாரும் எழுதிவைக்காத சட்டம்.

புரட்டாசிக் கடைசியில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து மூன்றாவது நோட்டீஸ் வந்தது. ஊருணியில் மறுபடியும் கழிவுநீர் கலந்திருக்கிறது, கார்த்திகைக்குள் சரிசெய்யாவிட்டால் மாநகராட்சியின் மொத்தச் சாக்கடை அமைப்பையும் மூடி முத்திரை வைப்போம் என்று அதில் இருந்தது. ஆணையர் ஃபர்ஹானா அதை இரண்டு தடவை படித்துவிட்டுச் சௌந்தரபாண்டியனிடம் நீட்டினார். அவர் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். காலையில்தான் ஊருணித்தெருவில் முழங்காலளவு தண்ணீரில் நின்றுவிட்டு வந்திருந்தார். அதைத் தாளில் வேறு படிக்க வேண்டுமா.

பொங்கவே கூடாது, அதுதான் எல்லோருக்கும் குழப்பம். ஊர் பெருத்துவிட்டது, தெருக்களைத் தோண்டிப் பெரிய குழாய் போட வழியில்லை என்று கையைப் பிசைந்துகொண்டிருந்த காலத்தில், இளம்பரிதி என்ற விஞ்ஞானி வந்து குழாய்களின் உட்புறத்தில் ஓர் உயிர்ப்படலத்தை வளர்த்துவிட்டிருந்தார். பச்சையும் பழுப்புமாக, விரல் கனத்தில், ஊருக்கடியில் ஒரே உடம்பாகப் படர்ந்த பாசி அது. ஒவ்வொரு வீட்டுக் குழாயும் தெருக்குழாயில் சேரும் இடத்தில் உதடு மாதிரி மூடியிருக்கும். முறை வரும்போது திறக்கும். கண்மாய்ப் பாசனத்தில் வயலுக்கு வயல் முறை வைத்து மடை திறப்பார்களே, அதே சங்கதிதான். எல்லா வீட்டுத் தண்ணீரும் ஒரே மூச்சில் விழுந்தால்தானே குழாய் திணறும். முறை வைத்து விட்டால் பழைய குழாயே தாராளம்.

முறை வைக்க ஆளைத் தெரிய வேண்டும். பாசி ஆளைத் தெரிந்துகொண்டது குளியலில். சோப்பு, எண்ணெய், சீயக்காய், வேர்வை எல்லாம் கலந்து இறங்குவதில் ஒருவருக்கு இருப்பது இன்னொருவருக்கு இருக்காது. இன்னார் இன்ன வேளைக்கு வருவார் என்று பழகிக்கொண்டு, அவர் செம்பை எடுப்பதற்குள் 'களுக்' என்று வாய் திறந்து காத்திருக்கும். இவ்வளவு செய்கிற ஒன்றை ஊர் சும்மா விடுமா? பாசியாத்தா என்று பெயர் வைத்து, ஆடி வெள்ளிக்கு முதல் சாக்கடை மூடியருகே கூழும் ஊற்றினார்கள். சில வருடங்கள் ஊருணியில் தாமரை மறுபடி பூத்தது.

இப்போது என்ன வந்தது என்று கேட்கச் சௌந்தரபாண்டியன் நிலையத்தின் மாடியறைக்கு ஏறினார். அங்கே இளம்பரிதியின் பெரிய திரையில் ஊர் முழுவதும் புள்ளி புள்ளியாக மினுங்கியது. ஒரு வீட்டுக்கு ஒரு புள்ளி. அதனுள் ஓர் எண், அந்த வீட்டில் குளிப்பவர்கள் என்று ஆத்தா அறிந்த ஆட்களின் எண்ணிக்கை.

"எல்லாத்தையும் கூட்டிப் பாத்தேன் சார். ஊர் ஜனத்தொகையை விட அஞ்சுல ஒரு பங்கு கூட வருது. இவ்வளவு பேர் எங்கருந்து வந்தாங்க?" என்றார் இளம்பரிதி.

"விருந்தாளுங்களா இருக்கும்."

"விருந்தாளி வருஷக்கணக்கா தங்குவானா? ஆத்தாளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. யாரோ குளிக்கிறாங்க. அந்தத் தண்ணிதான் ஊருணித்தெருவுல பொங்குது."

சௌந்தரபாண்டியன் மேலரத வீதியில் தன் வீட்டுப் புள்ளியைத் தேடினார். இரண்டு என்று காட்டியது. அவரும் தமயந்தியும். நம் வீட்டில் தப்பில்லை என்று அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும், சொல்லப்போனால் கொஞ்சம் மிதப்பாகவும் இருந்தது. கணக்கு இடித்த வீடுகளைக் குறித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

வடக்குத்தெருவில் குருவையா என்றொருவர். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். அவர் வீட்டுப் புள்ளி மூன்று என்றது. குருவையா காபி போட்டுக் கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார், குளியலறையைப் பார்க்கலாமா என்றதும் எழுந்து வழிகாட்டினார். மாடத்தில் மூன்று சோப்புப் பெட்டிகள். மூன்றும் ஈரமாக இருந்தன.

அவர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே தரையடியில் 'களுக்' என்றது. துவாரத்திலிருந்து மெல்ல ஒரு வாசனை எழுந்து வந்தது. கஸ்தூரி மஞ்சள், கடலைமாவு, அதனடியில் தேங்காய் எண்ணெய். இப்போதுதான் யாரோ ஒரு பெண் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலைத் துண்டில் சுருட்டிக்கொண்டு அந்தக் கதவைத் தாண்டிப் போனது போலிருந்தது. சௌந்தரபாண்டியன் தன்னையறியாமல் ஓர் அடி விலகி வழி விட்டார். குருவையா குனிந்து ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து, அவசரமில்லாமல் ஊற்றினார்.

"இது என் வீட்டுக்காரி குளிக்கிற நேரம் சார். வேலையெல்லாம் ஒதுங்க வெச்சுட்டுத்தான் குளிப்பா. அவ போன மறுநாளும் இதே நேரத்துக்கு ஆத்தா வாய் திறந்துச்சு. அவ வாசம் வந்துச்சு. ஒரு மண்டலம் ஆனதும் லேசாப் போயிருச்சு. எனக்குப் பயமாயிருச்சு. அவ பொடியை எடுத்துக் கரைச்சு ஊத்துனேன். மறுநாள் பழையபடி வந்துட்டா."

மூன்றாவது சோப்பு யாருடையது என்று கேட்டார் சௌந்தரபாண்டியன்.

"சின்னவனோடது. பெங்களூர்ல இருக்கான். நல்லாத்தான் இருக்கான். வர்றதில்ல."

அப்படித்தான் கண்டுபிடித்தார். அந்த வாரம் முழுவதும் வீடு வீடாக ஏறி இறங்கினார். அப்பாவுக்கு ஊற்றும் மகள், துபாய் போன மகனுக்கு ஊற்றும் தாய், மருமகள் கண்ணில் படாமல் மனைவிக்கு ஊற்றும் மாமனார். ஒரு வீட்டில் செத்துப்போன நாய்க்கு வாரம் தவறாமல் குளியல் நடந்தது. வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் இது தான் மட்டும் கண்டுபிடித்த ரகசியம் என்று நினைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் பைத்தியம் என்பார்களே என்று வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டிலும் அதே வேளையில் வாளி நிறைந்துகொண்டிருந்தது.

இளம்பரிதிக்கே இது புதிது. வாய் திறக்குமுன் உதடு இளக வேண்டுமாம். அதற்காகப் பாசி முந்தைய நாள் குடித்ததில் ஒரு துளியை மேலே கொண்டுவந்து தன்னை நனைத்துக்கொள்கிறது, வாசனை அதிலிருந்துதான் என்று விளக்கினார். வேர்வை இல்லாத வெறும் சோப்புத் தண்ணீரை எப்படி ஆள் என்று நம்புகிறது என்று சௌந்தரபாண்டியன் கேட்டார்.

"எதிர்பாத்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கு அவ்வளவு போதும் சார்" என்றார் இளம்பரிதி.

வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே இதையெல்லாம் தமயந்தியிடம் சொன்னார். நாய்க் குளியலைச் சொல்லும்போது சிரித்தார். அவர் வீட்டில் பேச்சு குறைந்து மூன்று வருடமாகியிருந்தது. ஒரே மகள் ஆதிரை பதினேழு வயதில் மூளைக் காய்ச்சலில் போனதிலிருந்து, சாப்பாட்டு வேளையில் பேசுவதற்கு இருவரிடமும் ஒன்றும் இருப்பதில்லை. இப்போது ஊர்க் கதை கிடைத்ததில் அவருக்கு உற்சாகம். தமயந்தி ரசம் ஊற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊத்துறவங்களைப் புடிச்சு என்ன செய்வீங்க?" என்று ஒரு கேள்விதான் கேட்டாள்.

"புடிக்கிறதாவது. ஆத்தாளை மறக்க வைக்கணும். வேற வழி இல்ல."

அவள் மோர் எடுக்க உள்ளே போனாள். திரும்பி வரக் கொஞ்ச நேரமாயிற்று.

வேறு வழி இருந்தது என்பதுதான் தொல்லை. மாமன்ற உறுப்பினர்கள் சிலர் ஒரு யோசனையோடு ஆணையரைப் பார்த்தார்கள். ஊருணித்தெருக் குடும்பங்களை அப்படியே எடுத்து, ஊருக்கு வெளியே கரட்டடியில் குடியமர்த்திவிடலாம். அப்புறம் பொங்கினால் யாருக்கு நஷ்டம், சுற்றிக் கரை கட்டி அந்தத் தெருவையே தொட்டியாக்கிவிடலாம் என்றார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் வீட்டிலும் ஆள் கணக்கு இடித்தது, அவ்வளவுதான்.

"நூறு குடும்பத்தை நகர்த்துறது சுலபமாம். செத்தவங்களை நகர்த்தத்தான் மனசு வரலையாம்" என்றார் ஃபர்ஹானா. அந்த ஊருக்கு வந்து ஒரு வருடமாகாத இளம் அதிகாரி. கோபத்திலும் குரல் உயராது. "உங்க வழி என்ன ஏ.ஈ. சார்?"

சௌந்தரபாண்டியன் சொன்னார். ஒரு பகல் முழுவதும் எல்லாக் குழாய்களிலும் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டால் பாசி சாகாது; ஆனால் தெரிந்ததையெல்லாம் மறந்துவிடும். பிறகு புதிதாகக் குளிப்பவர்களை மட்டும் கற்றுக்கொள்ளும். ஆனால் ஜனங்கள் மறுபடி ஊற்றத் தொடங்கினால் மறுபடி இதே கதை. ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வீடு குளியலறையில் போலீஸ் நிறுத்தவா முடியும்?

மாநகராட்சிக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். இவ்வளவு பேர் வருவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மேடையில் இளம்பரிதியின் திரை. புள்ளிகளில் தங்கள் வீட்டைத் தேடியவர்கள், எண்ணைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு எண்ணையும் பார்த்தார்கள். அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஊரின் ரகசியம் அன்றைக்கு அங்கே பொதுவில் அவிழ்ந்து கிடந்தது.

குருவையாதான் முதலில் எழுந்தார். ஆத்தா மறக்காமல் இருப்பது ஒரு தப்பா என்று கேட்டார். மனுசர்கள்தான் கருமாதி முடிந்த கையோடு மறந்துவிடுகிறார்கள், பூமிக்கடியில் ஏதோ ஒன்று ஞாபகம் வைத்திருந்தால் அதற்கும் சுண்ணாம்பா என்றார். கைதட்டல் எழுந்தது. பெண்கள் பக்கம் யாரோ விசும்பினார்கள். ஆணையர் சட்டத்தைச் சொன்னார். ஒருவர் காதிலும் ஏறவில்லை.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். ஊருணித்தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஜெபமணி. மைக்கை வாங்கத் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எங்க தெருப் புள்ளியைப் பாருங்கய்யா. ஒரு வீட்லயும் கணக்கு கூடலை. ஏன்னு கேளுங்க. எங்களுக்கும் செத்தவுக இருக்காக. எங்க வீட்டுக்காரரு போயி ரெண்டு வருசமாச்சு. அவருக்கும் ஒரு வாளி ஊத்தணும்னு எனக்கும் இருக்கு. ஊத்துனா கீழ போகாதுய்யா, மேல வருது. உங்க வீட்டுச் செத்தவுக குளிச்ச தண்ணி எங்க அடுப்படியில நிக்குது. அதை எறச்சுட்டுத்தான் நான் தெனமும் அடுப்பு பத்த வைக்கிறேன். எம் மகளுக்கு மஞ்சக்காமாலை. அவ இருக்கவா, உங்களுக்கு எடம் விட்டுப் போகவா?"

இதுதான் சமயம் என்று சௌந்தரபாண்டியனுக்குப் பட்டது. அவர் பேச்சாளர் இல்லை. ஆனாலும் எழுந்துவிட்டார்.

"எனக்கும் ஒரு பொண்ணு இருந்தா. உங்க எல்லாருக்கும் தெரியும். போன புள்ளையை வெச்சுக்கிட்டு இருக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா என் வீட்டுப் புள்ளியைப் பாருங்க. இருக்கிறது ரெண்டு பேர், கணக்கும் ரெண்டு. போனவங்க போனவங்கதான். எங்களால முடியுதுன்னா உங்களாலயும் முடியும்."

திரையில் மேலரத வீதிப் புள்ளியை இளம்பரிதி பெரிதாக்கிக் காட்டினார். இரண்டு. ஊரே அதைப் பார்த்தது. பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த தமயந்தியை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எவ்வளவு நெஞ்சுரம் இருந்தால் இப்படி இருக்க முடியும் என்கிற மாதிரி. அவள் மடியிலிருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவிக்குப் பெருமையில் கூச்சம் என்று நினைத்துக்கொண்டார் சௌந்தரபாண்டியன். குருவையா உட்கார்ந்தார். ஒரு வழியாக ஊர் ஒத்துக்கொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பு நாள். யாரும் குளிக்கக் கூடாது, ஒரு செம்பு தண்ணீர்கூடக் கொட்டக் கூடாது என்று ஆட்டோவில் அறிவித்திருந்தார்கள். மேட்டிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீரை இறக்கினார்கள். சௌந்தரபாண்டியன் நிலையத்தில் மோட்டாரடியில் நின்றார்.

இளம்பரிதிகூட எதிர்பார்க்காதது உச்சிவெயில் ஏறும்போது நடந்தது. சுண்ணாம்பு பட்டதும் பாசி உடம்பு முழுவதும் ஒரு தடவை நெளிந்து, தன்னிடம் இருந்த அத்தனை வாசனையையும் வெளியே விட்டுவிட்டது. வீட்டுக்கு வீடு மொட்டைமாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக்குழாய்கள் வழியாக அது எழுந்தது. சந்தனம், மருதாணித் தைலம், பிள்ளைப் பவுடர், சவரச் சோப்பு, பிரசவ அறையின் பெருங்காயம், பள்ளிக்கூடச் சீருடையின் கஞ்சி. ஊர் மொத்தமும் மாடியேறி நின்றது. அவரவர் குழாயருகே நின்று கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். சிலர் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காற்று வீசும்போது ஒரு வீட்டு ஆள் அடுத்த வீட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ஊருணிப் பக்கம் போவது தெரிந்தது. சாயங்காலம் வரை நெடுங்கரை முழுவதும் ஒரு பெரிய குடும்பம் குளித்துவிட்டு வெயிலில் நிற்பது மாதிரி இருந்தது.

நிலையத்துக்கு எல்லாம் கலந்த வாசனைதான் வந்து சேர்ந்தது. சௌந்தரபாண்டியன் அதில் எதையும் தனியாகப் பிரித்தறியவில்லை. தமயந்தி தங்கள் வீட்டு மாடியில் தனியாக நின்றிருந்ததை யாரோ பிறகு சொன்னார்கள்.

ஐப்பசி அடைமழை வந்தது. ஊருணித்தெருவில் பொங்கவில்லை. ஆணையர் குடையோடு போய் நின்று பார்த்தார். ஜெபமணி அவருக்கு ஆவி பறக்க இட்லி கொடுத்தாள். அவள் மகள் கண்ணில் மஞ்சள் இறங்கியிருந்தது. கார்த்திகை பிறக்குமுன் வாரியத்து ஆட்கள் ஊருணித் தண்ணீரை எடுத்துப் பார்த்துவிட்டு நோட்டீஸைத் திரும்பப் பெற்றார்கள். ஊர் சொன்ன சொல் தவறவில்லை. திரையில் சுழியாகக் கிடந்த புள்ளிகள் ஒவ்வொன்றாக விழித்து ஆட்களைக் கற்றுக்கொண்டிருந்தன. குருவையா வீட்டுப் புள்ளி ஒன்று என்றது. அதைப் பார்த்தபோது சௌந்தரபாண்டியனுக்கு மனசு கனத்தது. ஆனாலும் சரிதானே என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு தன் வீட்டுப் புள்ளியைப் பார்த்தார். ஒன்று.

"பரிதி, இங்க ஒரு கோளாறு இருக்கே. எங்க வீட்ல ஒண்ணுதான் காட்டுது. சரிபாருங்க."

இளம்பரிதி இரண்டு நாள் சோதித்தார். குழாய் சரி, உணரி சரி, பாசி நன்றாகப் படர்ந்திருக்கிறது. ஒரே ஒரு ஆள்தான் அங்கே குளிக்கிறார், பெண் என்றார்.

"அப்ப நான்?"

இளம்பரிதி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். தொட்டியடியில் கொடியில் காக்கித் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அந்தத் தொட்டியின் தண்ணீர் நேரே சுத்திகரிப்புக் குளத்துக்குப் போகிறது. அந்த வழியில் பாசியே கிடையாது.

முன்னால் இரண்டு என்று காட்டியதே என்று சொல்ல வாயெடுத்தார் சௌந்தரபாண்டியன். மாலைக் குளியல் என்றைக்குமே நிலையத்தில்தான். காலைக் குளியலும் அங்கே வந்தது ஆதிரை போன பிறகு. விடியும் நேரத்தில் அவள் டியூஷனுக்குக் கிளம்பும் அமர்க்களம் இல்லாத அந்த வீட்டில் இருக்க முடியாமல், இருட்டோடு எழுந்து ஓடி வந்துகொண்டிருந்தார். ஞாயிறும் வந்தார். மோட்டார் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தீபாவளி எண்ணெய்க் குளியலைக்கூட இங்கேதான் முடித்தார். மூன்று வருடத்தில் தன் வீட்டில் ஒரு செம்பு தலைக்கு ஊற்றியதில்லை. அப்படியென்றால் ஊரே பார்த்த அந்த இரண்டில் அவர் இல்லை. ஒன்று தமயந்தி. மற்றொன்று யார் என்று இனி யாரைக் கேட்பது.

எந்த நாளும் இல்லாமல் அன்று மத்தியானமே வீட்டுக்குப் போனார். தமயந்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளி வைத்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தார். வேலை உடையோடு, குளிக்காமல், சாக்கடை வாடையோடு அவர் அந்த வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"அவ குளிக்கிற நேரத்துக்கு நீங்க வீட்ல இருந்தாத்தானே."

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் அவரைக் குத்தியது. கூட்டத்தில் அவர் எழுந்து பேசியபோது தானும் எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இருந்ததாம். ஊருக்கு முன்னால் அவர் தலை குனியுமே என்று இருந்துவிட்டாளாம். ஜெபமணி அடுப்படியைப் பற்றிச் சொன்ன மறுநாள் முதல் ஒரு சொட்டு ஊற்றவில்லை என்றாள். சுண்ணாம்பு நாளில் மாடியில் நின்று வழியனுப்பி வைத்தாள். ஒரு விரல் சொடுக்கும் நேரம் வெட்டிவேர் வாசம் வந்தது, அப்புறம் காற்று கொண்டுபோய்விட்டது. வேர்க்குரு வருகிறதென்று ஆதிரைக்கு எப்போதும் வெட்டிவேர் சோப்புதான்.

"எனக்கு நீ மட்டும் இருக்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார் சௌந்தரபாண்டியன்.

"இந்த வீட்ல மூணு வருஷமா நானும் அவளும்தான்ங்க இருந்தோம்."

அவர் அழுதார். பெண்ணைத் தூக்கிப் போன அன்றுகூட அழாத மனுஷன், கீரைத் தண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். போனவளைப் பிடித்து வைக்கவில்லை என்று ஊருக்கு முன் மார்தட்டியவர், போகாதவளை இத்தனை நாள் தனியாக விட்டிருந்தார். தமயந்தி அழவில்லை. அவள் பங்கை எப்போதோ அழுது முடித்திருந்தாள். எழுந்து போய் அலமாரியைத் திறந்து, பச்சைத் தாள் சுற்றிய சோப்புக் கட்டிகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இந்த சோப்பு இனிமே வராதுன்னு கடைக்காரர் சொன்னாரு. இருந்ததை எல்லாம் வாங்கி வெச்சுட்டேன். வீணாப் போகுது. நீங்க போட்டுக் குளிங்க."

மறுநாள் இருட்டில் கண் விழித்தும் அவர் கிளம்பவில்லை. படுத்தபடியே வீட்டின் சத்தங்களைக் கேட்டார். பால் பொங்கும் சத்தம், தமயந்தியின் வளையல், தெருவில் முதல் சைக்கிள். மகள் டியூஷனுக்குக் கிளம்பும் நேரம் வந்ததும் குளியலறைக்குப் போனார். மூன்று வருடத்தில் குழாயின் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பும் என்பதே மறந்திருந்தது. ஊற்றிய தண்ணீர் இறங்கவில்லை. பாசியாத்தாளுக்கு அவரைத் தெரியாது. கணுக்கால் வரை நின்ற தண்ணீரில் அந்நிய வீட்டுக்கு வந்தவர் மாதிரி காத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து, போனால் போகிறது என்று ஆத்தா கொஞ்சம் வாயைத் திறந்தாள்.

மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாளும். அவர் விடவில்லை. மாலையில்கூட நிலையத்தில் மேலுக்கு ஒரு வாளி ஊற்றிக்கொண்டு, மிச்சத்தை வீட்டில் வைத்துக்கொண்டார். நிலையத்துக்குத் தாமதமாக வந்ததை யாரும் கேட்கவில்லை. அவர் மேல் வீசிய வெட்டிவேர் வாசத்தையும் யாரும் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் ஊரில் யாரும் இல்லை என்பதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார். வரி வசூல் பிரிவின் முரட்டு மேலாளர் பிள்ளைப் பவுடர் வாசனையோடு உட்கார்ந்திருந்தார். மருந்துக் கடைப் பெண்ணிடம் யாரோ ஒரு கிழவரின் சவரச் சோப்பு மணந்தது. குருவையா எதிரே வந்தபோது முகமெல்லாம் மஞ்சள் பூசியிருந்தார். வணக்கம் சொல்லிவிட்டுக் கம்பீரமாகக் கடந்து போனார். ஆளுக்கு ஒரு குளியல்தான். சொன்ன சொல்லை யாரும் மீறவில்லை. ஊருணித்தெருவும் காய்ந்தே கிடந்தது. ஜெபமணி வீட்டில்கூட இப்போது தண்ணீர் கீழே இறங்கியது. அவள் தலையில் ஆம்பளைகள் தேய்க்கும் அரப்பின் மணம் இருந்தது.

மார்கழி பிறந்த ஒரு காலையில் சௌந்தரபாண்டியன் வாளியை நிறைத்து, செம்பை எடுக்கக் குனிந்தார். இன்னும் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை.

களுக்.

வெட்டிவேர் எழுந்து வந்தது. முதலில் கால்களைத் தொட்டு, பிறகு அறை முழுவதும் நிறைந்து, கதவிடுக்கு வழியாக அடுப்படிக்குப் போனது. அவர் செம்பைக் கையில் வைத்தபடி அசையாமல் நின்றார். வெளியே பாத்திரச் சத்தம் நின்றது.

"திறந்துருச்சா?" என்று கேட்டாள் தமயந்தி, கதவுக்கு மிக அருகிலிருந்து.

"திறந்துருச்சு" என்றார்.

அவள் அங்கேயே நின்றாள் என்பது அவருக்குத் தெரிந்தது. அவசரப்படாமல் முதல் செம்பைத் தலையில் ஊற்றினார். தண்ணீர் ஒரு கணமும் நிற்காமல் இறங்கிப் போயிற்று.

அன்று நிலையத்துத் திரையில் மேலரத வீதிப் புள்ளி இரண்டு என்று காட்டியது. இளம்பரிதி போனில் கூப்பிட்டுச் சொன்னார். அப்புறம் வந்து பார்க்கிறேன் என்றார் சௌந்தரபாண்டியன். காபி ஆறிக்கொண்டிருந்தது, தமயந்தி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.